பாலிமர் பேப்பர் போடுற ஜர்னல் எடிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய எடிட்டர்களுக்கு வணக்கம்.

ஸ்டில்லி, சுசுகி கப்ளிங்ல (பல்லேடியம் கேட்டலிஸ்ட் வச்சு ரெண்டு வகை மோனோமர மாறி மாறி ஒட்டுற ரியாக்ஷன்கள்) செய்யுற கான்ஜுகேட்டட் பாலிமர்ல, அதாவது சோலார் செல்லுக்கெல்லாம் போடுற செமிகண்டக்டர் பாலிமர்ல, ஹோமோகப்ளிங் டிஃபெக்ட், அதாவது ஒரே வகை மோனோமர் ரெண்டு நேரா ஒட்டிக்கிற தப்பு, வரும்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா நீங்க போடுற பேப்பர் பலதுல அத பத்தி ஒரு வரி கூட கெடையாது. டோனர் (எலக்ட்ரான் குடுக்குற யூனிட்), அக்செப்டர் (அத வாங்குற யூனிட்), டோனர், அக்செப்டர்னு மாறி மாறி வர்ற மாதிரி அழகா ஒரு படம், அவ்வளவுதான்.

எங்க லேப்ல ஒரு டிபிபி பாலிமர் (டைகீட்டோபைரோலோபைரோல்ங்கிற அக்செப்டர் யூனிட் இருக்கிறது) ரெண்டு பேட்ச் வாங்கினோம். அதே பேரு, லேபிள்ல கிட்டத்தட்ட அதே மாலிக்யூலர் வெயிட். முதல் பேட்ச்ல சோலார் செல் நல்லா வந்துது, ரெண்டாவதுல கரண்ட் விழுந்துடுச்சு. பிஎச்டி பண்ற பொண்ணு தன் கையிலதான் ஏதோ தப்புன்னு நெனச்சு சால்வென்ட்ட மாத்தி, ஸ்பின் ஸ்பீட மாத்தி, ராத்திரி பூரா க்ளவ்பாக்ஸ்லயே கெடந்தா, கைடு கிட்ட திட்டும் வாங்கினா. கடைசில ரெண்டு பேட்சோட அப்சார்ப்ஷன் கர்வயும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு பாத்தா, ரெண்டாவதுல நீள வேவ்லெங்த் பக்கம் சின்னதா ஒரு ஷோல்டர். டிபிபியும் டிபிபியும் நேரா ஒட்டிக்கிட்டா வர்றது அது, செல்லயும் அது கெடுக்கும்னு 2014லயே பேப்பர் வந்தாச்சு.

சின்ன மாலிக்யூல்னா காலம் குரோமட்டோகிராஃபி போட்டு பிரிச்சுடலாம். இங்க தப்பான பாண்டு செயினுக்குள்ளயே இருக்கு, சாக்ஸ்லெட்ல (சால்வென்ட்ட திரும்பத் திரும்ப விட்டு கழுவுற கருவி) எவ்வளவு கழுவினாலும் போகாது. நூத்துல 5 பாண்டு தப்புன்னா கம்மியாத்தான் தெரியும், ஆனா 40 பாண்டு இருக்கிற செயின்னு வச்சுக்கிட்டா எட்டுல ஒண்ணுதான் முழுசா சரியா இருக்கும். பல்லேடியம் அசிடேட் போட்டா, அது வேலை செய்யுற வடிவமான பல்லேடியம் ஜீரோவா மாறும்போதே ரெண்டு டின் மோனோமர (ஸ்டில்லில போடுற, டின் ஒட்டின மோனோமர்) ஒண்ணா ஒட்டிவிட்டுடும், அதனாலதான் எந்த கேட்டலிஸ்ட், எவ்வளவு போட்டாங்கன்னு எழுதணும்னு கேக்குறோம்.

ஹோமோகப்ளிங் எவ்வளவுன்னு எழுத வைங்க. அளக்க முடியாதுன்னு சொல்றத ஏத்துக்காதீங்க, 2018ல இங்கிலாந்து வார்விக் யூனிவர்சிட்டி ஆளுங்க எஸ்டிஎம்ல (மாலிக்யூலயே படம் பிடிக்கிற மைக்ராஸ்கோப்) செயின ஒவ்வொரு யூனிட்டா பாத்து தப்பு எங்கன்னு காட்டிட்டாங்க. எல்லார்கிட்டயும் எஸ்டிஎம் இருக்காது, சரி, சாம்பிள சூடாக்கி எடுத்த என்எம்ஆரோட (எந்த அணுவோட எது ஒட்டியிருக்குன்னு காட்டுற ஸ்பெக்ட்ரம்) ரா டேட்டாவயாவது கேளுங்க. எஃபிஷியன்சி நம்பர் மேல இருந்தா ரெஃப்ரீயும் கேள்வி கேக்குறதில்ல, விக்கிறவங்களும் வெறும் மாலிக்யூலர் வெயிட்ட ஒட்டி அனுப்பிடுறாங்க, மாட்டிக்கிறது ஸ்டூடண்ட்தான். இது கொஞ்சமும் நியாயமில்ல.

கோவமா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. ஹோமோகப்ளிங் எவ்வளவு, எந்த கேட்டலிஸ்ட், குறைஞ்சது ரெண்டு பேட்சோட ரிசல்ட், இந்த மூணும் இல்லாத பேப்பர ரிவ்யூவுக்கே அனுப்பாதீங்கன்னு பணிவா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
டிவைஸ் லேப்ல வேலை பாக்குற ஒருத்தர்