சனிக்கிழமைக் கூட்டத்தாருக்கு ஒரு நன்றி மடல்

பல்லடம், சோமனூர், அவினாசி, காங்கேயம் என்று பல திசைகளிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் வந்து ஒரே கூடத்தில் உட்காரும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், அந்தக் கூடத்தில் வந்து பேசத் துணிந்த அக்காவுக்கும் வணக்கம்.

நன்றி மடல் என்றால் பெயர் போட்டு எழுதுவதுதான் முறை. மொய் நோட்டிலிருந்து கும்பாபிஷேகக் கல்வெட்டு வரை, பெயரும் ஊரும் எழுதாமல் நம் பக்கத்தில் எதுவும் நடப்பதில்லை. இந்த மடலில் உங்களில் ஒருவர் பெயர்கூட இருக்காது. என் பெயரும் இருக்காது. பத்திரிகையிலும் வானொலியிலும் திரையிலும் உறுப்பினர்கள் தங்களை இன்னார் என்று காட்டிக்கொள்வதில்லை என்பது, குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் மரபு. உரியவர்களுக்குத் தங்களைத்தான் சொல்கிறேன் என்பது தெரிந்துவிடும்.

முதல் நன்றி, கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு. நம் ஊர்களில் புது ஆள் ஒருவரைப் பார்த்ததும் எந்த ஊர் என்கிறோம். அடுத்தது, யார் வீட்டுப் பையன். மூன்றாவது கேள்விக்குள் அவர் நமக்கு மாமனா, பங்காளியா என்பதே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவர் எதிரில் குடியைப் பற்றி எப்படி வாய் திறப்பது? நாளைக்குப் பெண் கேட்டுப் போக வேண்டிய வீடாக இருக்கலாம். நூல் கடன் கொடுத்தவரின் சம்பந்தியாக இருக்கலாம். ஒருவன் குடிப்பது ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனால் அவன் வாயால் சொன்னதாக மட்டும் ஆகிவிடக் கூடாது. கொங்கு நாட்டுக் கௌரவத்தின் கணக்கு இது. என் பாட்டன் காலத்திலும் இதேதான்.

அந்தக் கூடத்தின் வாசலில் நின்றிருந்த பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: டீயா, காபியா? ஊர் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை, யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் வேண்டாம் என்பது எழுதிவைத்த விதி. ஆனால் ஒரு விதியை ஒருவர் முகத்தில் பார்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தை அவர் நடத்தும் முறைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. பேசி முடித்தவருக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னது கூடத்தின் கதவைத் தாண்டக் கூடாது. பேசியே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. பல வாரங்கள் என் முறை வந்தபோதெல்லாம் நான் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொள்வேன். அவர் பார்வையைக்கூட நிறுத்தாமல் அடுத்தவரிடம் போய்விடுவார். பிறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது, "சும்மா இருப்பதற்குப் பதிலாக, 'இன்றைக்குக் கேட்க மட்டும் வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள் தம்பி. அதுவும் பகிர்வுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அடுத்த சனிக்கிழமை வரை ஒத்திகை தேவைப்பட்டது. சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் "நன்றி" என்றார்கள், அடுத்தவர் பேசினார். ஒன்றும் நடக்காமல் இருந்ததுதான் எனக்குத் தைரியம் தந்தது.

இங்கே ஒரு அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வருபவரின் வாயைப் பூட்டுவது பெரிய பெரிய கதைகள்தான். தோட்டத்தை விற்றது, தறிகளை ஒவ்வொன்றாக எடைக்குப் போட்டது, போலீஸ் நிலையத் திண்ணையில் விடிந்தது என்று சிலர் பேசும்போது அதில் ஒரு சண்டைக்காட்சியின் சுவாரசியம் வந்துவிடுகிறது. கேட்கும் புதியவர், "எனக்கு இந்த அளவுக்கு ஆகவில்லையே, நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?" என்று எழுந்து போகிறார். அல்லது, தன்னிடம் சொல்லும்படியாக எதுவும் இல்லை என்று அடங்கிவிடுகிறார். அப்படிப் பேச்சு நீளும்போது பெரியவர், "ஸ்டாப் வந்துவிட்டது அண்ணா, இறங்குங்கள்" என்பார். சிரிப்போடு இறங்கிவிடுவார்கள்.

என் வாயைத் திறந்தவர்கள் சின்ன விஷயம் பேசியவர்கள். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் பாவு பிணைக்கும் தம்பி ஒருவர் அதிகம் பேச மாட்டார். ஒரு வாரம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். பதினொன்றே முக்காலுக்கு எனக்குக் கை நடுங்கியது. முதலாளியிடம் சொல்லிக்கொண்டு போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். மறுபடியும் இழை பிணைக்க உட்கார்ந்தேன். பன்னிரண்டரை ஆகிவிட்டது." இவ்வளவுதான் அவர் பேச்சு. அந்தப் பதினொன்றே முக்கால் எனக்கும் தெரியும். தம்பி, நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த நேரம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று புரிந்தது.

இன்னொருவர் காங்கேயத்துப் பக்கத்து விவசாயி. கருப்பராயன் கோயில் கிடா விருந்துக்குப் போய்வந்ததைச் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. கிடா வெட்டு விருந்துக்கு அழைப்பு வந்தால் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் பகை என்று பொருள். போனால் தோட்டத்து வீட்டின் பின்பக்கம் மாமன் மச்சான்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். "மாப்பிள்ளை, ஒரே ஒரு கிளாஸ், எனக்காக" என்பார்கள். அதில் கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. மரியாதைதான். மரியாதையை மறுப்பதைவிடப் பகையை மறுப்பது எளிது. அவர் செய்தது இது: முதல் பந்திக்கே போய் உட்கார்ந்துவிட்டார். வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைக்காமல் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கை கழுவிய ஈரம் காயும் முன்பு, பங்காளி வீட்டுப் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். காரணம் கேட்டவர்களுக்கு, "மாத்திரை சாப்பிடுகிறேன் மாமா" என்று ஒரே பதில். நான் அதை அப்படியே கடன் வாங்கி இரண்டு கல்யாணங்களிலும் ஓர் இழவு வீட்டிலும் பயன்படுத்திவிட்டேன். இழவு வீடுதான் கடினம். அதைப் பற்றி வேறொரு சனிக்கிழமை பேசுகிறேன்.

குடியை எதிர்த்துப் பேசுவதில் கொங்கு நாட்டுக்குக் குறையே இல்லை. 1921இல் ஈரோட்டில் பெரியாரும் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்த சேலம் மாவட்டத்தில்தான் அன்று நாமக்கல்லும் திருச்செங்கோடும் இருந்தன. பிறகு சட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசு நிறுவனமே நடத்துகிறது. இவ்வளவு காலமும் மேடையில் பேசியது கடையைப் பற்றி. அது தேவையான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் குடிப்பவன் தன்னைப் பற்றி, மேடையும் மைக்கும் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த இடம் எப்படி உண்டானது என்பதைப் பெரியவர் அடிக்கடி சொல்வார். 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பில் என்ற பங்குச் சந்தைக்காரர் தொழில் விஷயமாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்துக்கு வந்திருந்தார். வந்த காரியம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த ஓட்டலின் மதுக்கூடம் கூப்பிட்டது. அவர் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்று தேவாலயத்தார் மூலம் தேடினார். கிடைத்தவர் பாப் என்ற அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மருத்துவருக்குத் தெரியாத மருத்துவம் எதையும் பில் சொல்லவில்லை; தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். டாக்டர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10தான் இன்றும் இந்த இயக்கத்தின் பிறந்தநாள். கதையை முடிக்கும்போது பெரியவர் தவறாமல் சேர்ப்பது ஒன்று உண்டு: "டாக்டரைக் காப்பாற்றப் போனதாக நினைக்காதீர்கள். அன்றைக்குத் தான் குடிக்காமல் இருக்கத்தான் பில் பேசினார்." என் பேச்சு யாருக்குப் பயன்படும் என்று தயங்கும் தம்பிமாருக்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

மறுபடி குடித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையே வந்து அதைச் சொன்ன அண்ணனுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. அவர் எங்களில் மூத்தவர். எத்தனையோ பேருக்கு ஸ்பான்சராக இருந்து வழிகாட்டியவர். அவர் நினைத்திருந்தால் ஊருக்குப் போயிருந்தேன் என்று ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். எழுந்து, "வியாழக்கிழமை குடித்துவிட்டேன். இன்று மறுபடி முதல் நாள்" என்றார். கூடம் அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "வந்ததற்கு நன்றி அண்ணா" என்றது. அந்த வாரம்தான் நான் முதன்முறையாக முழுதாகப் பேசினேன். விழுந்தவருக்கும் இங்கே நாற்காலி உண்டு என்று தெரிந்த பிறகு பேசுவதில் என்ன பயம்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அக்கா, உங்களுக்கும் நன்றி. ஆண் குடித்தால் ஊர் பரிதாபப்படும். பெண் குடித்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. நீங்கள் பேசிய அன்று எங்களில் சிலர் தலை நிமிரவில்லை. அது உங்களால் அல்ல. வீட்டுப் பெண்களைப் பற்றி நாங்கள் முன்பு பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. உங்களைப் போன்றவர்கள் தனியாகக் கூடுவதற்கு ஓர் இடம் ஏற்பாடாகிறது என்று கேள்விப்பட்டேன். நாற்காலி தூக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள்.

அரசு மருத்துவமனையின் அந்த நர்ஸம்மாவை விட்டுவிட முடியாது. பழனிக்குக் காவடி நேர்ந்து, மாலை போட்டு நிறுத்திவிடலாம் என்று என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டிருந்த உறவினர்களிடம், "சாமி எங்கேயும் போய்விடாது, முதலில் அட்மிஷன் போடுங்கள்" என்று சொன்னவர். நாள்பட்டுக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து நான்காம் நாள் வரை சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். இதை எங்கள் வீட்டுக்கு விளக்கிச் சொன்னவர் அவர்தான். தயமின் என்ற வைட்டமின் ஊசி எதற்கு என்றும் சொன்னார். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுங்கள் என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் குப்பையில் போடச் சொன்னவரும் அவரே. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகிவிடும். இன்னும் அந்தப் பொடியை வாங்கும் வீடுகள் இருக்கின்றன, தயவுசெய்து வேண்டாம்.

கூடத்தின் உரிமையாளர் வாடகை வேண்டாம் என்றார். வெளியார் உதவி வாங்குவதில்லை, எங்கள் செலவை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் மரபு. பிடிவாதமாகக் கொடுத்ததை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டதற்கு அவருக்கு நன்றி. வாரம் தவறாமல் டீயும் தேங்காய் பன்னும் அனுப்பும் பேக்கரிக்காரருக்கும் நன்றி; அங்கே என்ன கூட்டம் என்று இன்று வரை அவர் கேட்டதில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் கூட்டத்துக்கு என் மனைவி போகிறார். அங்கே அவர் என்ன சொல்கிறார் என்று நான் கேட்பதில்லை. அவரைப் பேசவைத்தவர்களுக்கு இங்கிருந்தே கும்பிடு.

இனி வரப்போவது நோம்பிக் காலம். ஊர் ஊராகக் கம்பம் நடுவார்கள், கிடா வெட்டுவார்கள், வாரச் சம்பளத்தோடு போனஸும் கைக்கு வரும். விருந்துக்குப் போகும் முன் ஒரு சனிக்கிழமை, போய்வந்த பின் ஒரு சனிக்கிழமை என்று வந்துவிடுங்கள். பேச ஒன்றும் இல்லையென்றால் சாவியை எங்கே வைத்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரியாதவர்களும், இன்னும் வீட்டுக்குள்ளேயே தவிப்பவர்களும் 14446 என்ற மத்திய அரசின் கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண்ணில் பேசலாம். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. வரும் வாரம் கூட்டம் நடத்துவது என் முறை. கடைசி வரிசை நாற்காலிகளைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் டீ வரும் முன் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்துக் குடிநோயாளி ஒருவன்