பொதுப் புவிசார் தரவுத் தளம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைக்கிறார். கூட்டங்களின் தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு, அரசுத் துறைகள் கூடி அமைக்கும் புவிசார் (வரைபடத்தில் இடம் காட்டும்) தரவுத் தளத்துக்கு நாம் தந்த தொழில்நுட்ப ஆலோசனையில்தான் சென்றது. ஆகவே இந்த அறிக்கையும் அதைப் பற்றியதே.

எல்லாத் துறைகளின் தரவையும் ஒரே சர்வரில் சேர்த்துவிடலாம் என்ற யோசனையே முதலில் வந்தது. சங்கம் அதை ஏற்கவில்லை. நகல் எடுத்த மறுநாளே மூலம் மாறத் தொடங்கும். சாலையைத் திருத்துவது ஒரு துறை, பழைய சாலையைக் காட்டுவது மையத் தளம் என்றாகும். பிழைக்கு யார் பொறுப்பு என்பதும் தெரியாமல் போகும். தரவு உரிய துறையிடமே இருக்கட்டும். வரைபடத்தைப் படமாகப் பார்க்க டபிள்யூஎம்எஸ், தரவையே பதிவிறக்க டபிள்யூஎஃப்எஸ் என இரண்டு இணையச் சேவைகளை அந்தத் துறையே நடத்தட்டும். மையத்துக்குத் தேவை மூன்றுதான்: கேட்லாக் (எந்தத் தரவு எங்கே என்ற பட்டியல்), தேடல், எளிய வரைபடப் பார்வை. போஸ்ட்ஜிஐஎஸ், ஜியோசர்வர், ஜியோநெட்வொர்க் ஆகிய திறமூல மென்பொருள்களைக் கொண்டே இவை அனைத்தையும் அமைத்துவிடலாம். மென்பொருள் உரிமத்துக்குச் செலவிடும் பணத்தை மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய விவரக்குறிப்பு, எழுதும் ஆட்களுக்குச் செலவிடுங்கள் என்பதே நாம் தந்த முதல் பரிந்துரை. அதில் சங்கம் இன்றும் உறுதியாக இருக்கிறது.

மெட்டாடேட்டாவுக்கு ஐஎஸ்ஓ 19115 தரம் உண்டு. அதன் எல்லாப் புலங்களையும் கட்டாயமாக்கினால் யாரும் நிரப்ப மாட்டார்கள். நிரப்பினாலும் முந்தைய பதிவை ஒட்டி வைப்பார்கள். தலைப்பு, சுருக்கம், எல்லை, ஆயத்தொலை முறை, சேகரித்த தேதி, திருத்திய தேதி, எந்த வரைபட அளவுகோலுக்கு ஏற்றது, பயன்பாட்டு உரிமம், பொறுப்பாளரின் பதவி, சேவை முகவரி ஆகியவை போதும். பொறுப்பாளரின் பெயரைப் போடாமல் பதவியைப் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆள் மாறுவார், பதவியும் அலுவலக மின்னஞ்சலும் இருக்கும்.

துறைகளின் பதிவுகளை மையக் கேட்லாக் இரவுதோறும் சிஎஸ்டபிள்யூ என்ற கேட்லாக் நெறிமுறை வழியே அறுவடை செய்கிறது, அதாவது தானாகத் திரட்டிக்கொள்கிறது. இங்கே அடிக்கடி வரும் கோளாறு இரட்டைப் பதிவு. ஏற்றுமதி செய்யும்போதெல்லாம் மென்பொருள் புதிய யூயூஐடி (பதிவின் தனி அடையாள எண்) போட்டுவிட்டால், கேட்லாக் அதைப் புதிய தரவு என்றே எடுத்துக்கொள்ளும். ஒரே நீர்நிலை லேயர் (வரைபட அடுக்கு) தேடலில் பத்து முறை வரும்; பயனர் பழையதைத் தொட்டுவிடுவார். முதல் பதிவின் அடையாளத்தை எக்காரணத்தாலும் மாற்றக் கூடாது, திருத்தத் தேதியை மட்டுமே மாற்ற வேண்டும். லேயரை மென்பொருள்கள் அழைக்கும் உட்பெயருக்கும் இதே விதிதான். தலைப்பை விரும்பியபடி மாற்றலாம். உட்பெயரை மாற்றினால் அதை இணைத்து வைத்திருக்கும் அத்தனை பேரின் வரைபடமும் அன்றே வெறுமையாகிவிடும்.

தமிழ்த் தரவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவில் புலப்பெயருக்கு 10 பைட், உரைப் புலத்துக்கு 254 பைட், அவ்வளவுதான் இடம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போகிறது. ‘கி’ என்ற ஓர் எழுத்திலேயே இரண்டு குறியீடுகள். ‘கிராமம்’ என்று புலப்பெயர் வைத்தால் ‘கிர’ என்று நின்றுவிடும். எழுதும் மென்பொருள் கவனமற்றதானால், மிஞ்சும் ஒரு பைட்டில் உடைந்த குறியும் ஒட்டிக்கொள்ளும். உரைப் புலத்தில் 84 குறியீடுகளுக்கு மேல் தங்காது. எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி கோப்பு உடன் வராவிட்டால் பெறுபவரின் திரையில் எழுத்தே தெரியாது. பரிமாற்றத்துக்கு ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவைப் பயன்படுத்துங்கள் என்பது நம் பரிந்துரை. ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஆங்கிலக் குறும்பெயரில் புலமும், அதன் தமிழ் விளக்கம் மெட்டாடேட்டாவிலும் இருக்க வேண்டும்.

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டில் எது முதலில் என்ற அச்சு வரிசைக் குழப்பம் எல்லாத் துறைகளிலும் வந்தது. டபிள்யூஎம்எஸ் 1.1.1 பதிப்பில் இபிஎஸ்ஜி 4326 என்ற ஆயத்தொலை முறைக்குத் தீர்க்கரேகை முதலில் வரும். 1.3.0 பதிப்பில் அட்சரேகை முதலில். கோரிக்கையில் ஆயத்தொலை முறையைக் குறிக்கும் எஸ்ஆர்எஸ் என்ற அளபுருவின் பெயரும் சிஆர்எஸ் என மாறியது. பதிப்பு எண்ணை மட்டும் உயர்த்திவிட்டு எல்லைப் பெட்டியை (கேட்கும் பகுதியின் மூலை எண்களை) பழைய வரிசையிலேயே அனுப்பினால், வடக்கு 11, கிழக்கு 78 என்ற இடத்தைக் கேட்டவருக்கு வடக்கு 78, கிழக்கு 11 வரும். அது ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டுக்கு மேற்கே உள்ள கடல். சர்வர் பிழை எதுவும் சொல்லாது, ஒன்றுமில்லாத படத்தை ஒழுங்காக அனுப்பிவைக்கும். தீர்க்கரேகையை எப்போதும் முன்வைக்கும் சிஆர்எஸ் 84 என்ற ஆயத்தொலை முறையையும் சேர்த்து வெளியிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

சேவை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. பல டபிள்யூஎம்எஸ் சர்வர்கள் பிழைச் செய்தியைக்கூட எச்டிடிபி 200 என்ற நல்ல நிலைக்குறியோடுதான் அனுப்புகின்றன. நிலைக்குறியை மட்டும் பார்க்கும் கண்காணிப்புக் கருவி எல்லாம் சரி என்றே பச்சை காட்டும். நாம் எழுதிக் கொடுத்த சரிபார்ப்பு ஸ்கிரிப்ட், சேவை தன்னைப் பற்றித் தரும் கெட்கேப்பபிலிட்டீஸ் ஆவணத்தைப் படிக்கிறது. அதில் உள்ள முகவரி வெளியிலிருந்து திறக்கிறதா என்று பார்க்கிறது. தரவு நிச்சயம் உள்ள ஒரு பெட்டிக்குக் கெட்மேப் கோரிக்கையால் படம் கேட்கிறது. வந்தது உண்மையில் பிஎன்ஜி படம்தானா, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் உண்டா என்றும் சோதிக்கிறது. முகவரிச் சோதனையை வேண்டுமென்றே முன்னால் வைத்தோம். ப்ராக்ஸி எனும் இடைநிலைச் சர்வருக்குப் பின்னால் ஜியோசர்வரை நிறுத்தி, அதன் வெளி முகவரியை அமைக்க மறந்தால், ஆவணத்தில் லோக்கல்ஹோஸ்ட் 8080, அதாவது அந்தக் கணினிக்குள் மட்டும் திறக்கும் முகவரி, வரும். அலுவலகத்தில் சர்வர் இருக்கும் கணினியில் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் வேலை செய்யும். வெளியே ஒருவருக்கும் செய்யாது. பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் வெறும் எச்டிடிபி முகவரியை இணைத்தாலும் இப்படித்தான் உலாவி சத்தமின்றித் தடுத்துவிடும்.

டபிள்யூஎஃப்எஸ் பதிவிறக்கத்தில் சர்வரின் உச்சவரம்பைத் தாண்டிய பதிவுகள் வெட்டுப்படும். 2.0 பதிப்பில் வரும் நம்பர்மேட்ச்டு (பொருந்தியவை), நம்பர்ரிட்டர்ண்டு (அனுப்பியவை) எண்களை ஒப்பிடச் சொல்லித் தர வேண்டும். இரண்டும் வேறுபட்டால் கையில் இருப்பது அரைகுறைத் தரவு. பக்கம் பக்கமாக இறக்குபவர்கள் ஒரு சாவிப் புலத்தின்படி வரிசைப்படுத்தியே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சில பதிவுகள் இரண்டு முறை வரும், சில விடுபடும்.

வேகத்துக்கு அளவுகோலாக ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் தரவுக்கான இன்ஸ்பயர் விதிகளை முன்வைத்தோம். 470 கேபி அளவுள்ள படத்துக்கு 5 நொடிக்குள் பதில், பார்வைச் சேவைக்கு நொடிக்கு 20 கோரிக்கைகள், 99 விழுக்காடு நேரம் இயக்கம். வரைபடத்தைச் சிறு சதுரப் படங்களாக்கிய டைல்களை முன்கூட்டி வரைந்துவைத்தால் இது எட்டக்கூடியதே. ஆனால் ஒவ்வொரு பெரிதாக்க நிலைக்கும் டைல் எண்ணிக்கை நான்கு மடங்காகும். உலகம் முழுவதற்கும் 18-ஆம் நிலையில் மட்டும் 6,871 கோடிக்கு மேல். தங்கள் எல்லைக்குள், நடுத்தர நிலைகள் வரை மட்டும் முன்வரைந்தால் போதும். தரவைத் திருத்தினால் அந்தப் பகுதி டைல்களை அழித்தே ஆக வேண்டும். அழிக்காவிட்டால் படத்தில் பழைய எல்லையும், சொடுக்கினால் புதிய பெயரும் வரும். இதைக் கண்ட பயனர் பிறகு எந்த லேயரையும் நம்ப மாட்டார்.

வரும் ஆண்டுக்கு மூன்று பணிகளைச் செயற்குழு முன்மொழிகிறது. ஒவ்வொரு துறையிலும் மெட்டாடேட்டாவுக்கு ஒருவரும் மாற்றாள் ஒருவரும் பயிற்சி பெற வேண்டும். சரிபார்ப்பு முடிவுகளைக் கேட்லாக்கில் ஒவ்வொரு பதிவின் அருகிலும் அனைவரும் காணும்படி வெளியிட வேண்டும். உரிமம் குறிப்பிடாத லேயர்களை அறுவடையில் ஏற்பதில்லை என்ற விதியைத் துறைகளிடம் எழுத்தில் பெற வேண்டும். பேரவையின் ஒப்புதலுக்காக இவற்றைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்