இருபது நிமிடத்தை மட்டும் கொண்டுவராதீர்கள்

பாம்பன் பக்கம் பிள்ளைகளை ஆய்வு செய்ய வரவிருக்கும் உளவியல் மாணவர்களுக்கும் அவர்களுடைய பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கடல்பாசி எடுக்கிறவளின் மகள். இப்போது பால்வாடியில் வேலை. போன வருடம் ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் எங்கள் அறையைக் கேட்டு வாங்கி, நாலு பொம்மையைப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அம்மா, பிள்ளை, முன்பின் தெரியாத ஒரு பெண். அம்மா வெளியே போவாள், திரும்புவாள், மறுபடி போவாள்; அப்போது பிள்ளை கொஞ்ச நேரம் தனியே இருக்கும். அம்மாவோடு பிள்ளைக்கு இருக்கும் ஒட்டுதலைப் பார்க்கும் சோதனையாம். இருபது நிமிடத்தில் முடிந்தது.

பதினாலு மாதப் பையன் ஒருவன், அம்மா உள்ளே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றான். தாளில் 'விலகல் வகை', அதாவது அம்மாவைத் தவிர்க்கும் பிள்ளை, என்று ஒரு டிக். அதை அவளிடமே சொல்லிவிட்டும் போனார்கள். அன்று ராத்திரி என் வாசலில் வந்து உட்கார்ந்தவள், "அக்கா, நான் பாசிக்குப் போறதாலதான் இவனுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்தச் சோதனையை உண்டாக்கிய மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், 1954-55ல் உகாண்டாவில் 26 குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் இன்னொரு 26 குடும்பம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலு மணி நேரம், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை. கூட்டினால் ஒரு பிள்ளைக்குச் சுமார் 72 மணி நேரம். அந்த இருபது நிமிடத்துக்கு அர்த்தம் கொடுத்ததே அந்த 72 மணி நேரம்தான். நீங்கள் அதை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்து வருகிறீர்கள்.

சப்போரோவில் இதே சோதனையைச் செய்தபோது, தாயைப் பிரிந்தே பழகாத ஜப்பானியப் பிள்ளைகள் அழுது தீர்த்ததால், தனியே விடும் கட்டத்தைப் பலருக்குப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. இங்கே கதை வேறு. எங்கள் பிள்ளையை அம்மா விட்டுப்போவது பழக்கம்தான். ஆனால் கதவு சாத்திய அறையில் ஆளில்லாமல் இருந்தது இல்லை. அப்பத்தா இடுப்பிலிருந்து சித்தி இடுப்புக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று வளர்கிறவன். அம்மாவோடு மட்டும் சோதித்தால் பாதிப் படம்தானே? அழாத பிள்ளை அமைதியாக இருக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். முகம் திருப்பிக்கொள்ளும் பிள்ளைக்கும் இதயத் துடிப்பு ஏறுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அதே பையனைக் கரையில் பார்த்தேன். வத்தை என்கிற சின்னப் படகு வந்து நின்றது. அம்மா இறங்கி, பாசி மூட்டையைப் போட்டுவிட்டு, விரல்களில் சுற்றியிருந்த ஈரத்துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இவன் அப்பத்தா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, ஊறிச் சுருங்கியிருந்த அவள் விரலைப் பிடித்துப் பார்த்தான். வாயில் வைத்து உப்புக்கு முகம் சுளித்தான். பிறகு தானே மடிக்கு வந்து, ஈரச் சேலையிலேயே தூங்கிப் போனான். உங்கள் தாளில் இதற்கு எந்தக் கட்டம்?

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வீட்டுக்கு வாருங்கள், பலமுறை வாருங்கள். அப்பத்தாவையும் கணக்கில் சேருங்கள். எந்த வகை என்று அம்மாக்களிடம் சொல்லாதீர்கள். அது நோய்க்கான பெயர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வருவதற்கு முன் கடல் தண்ணீர் எப்போது வற்றும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பாசிக்குப் போய்விடுவதால், இங்கே ஒரு அம்மாவும் வீட்டில் இருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஒரு பால்வாடிப் பணியாளர்