மாமன்ற உறுப்பினர்களே, உங்கள் வாக்காளர்கள் எங்கே?

பெருநகர சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் பொறுப்பான மாமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றை அடுத்த பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது, அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டே வாரம் இருக்கையில் அங்கிருந்த வீடுகளை இடித்தார்கள். கட்டிலும் பாத்திர மூட்டையும் லாரியில் ஏறின. குடும்பங்கள் தெற்குப் புறநகரில் அரசு அடுக்குமாடி வீடுகள் உள்ள பெரும்பாக்கம் போய்ச் சேர்ந்தன. என் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பது பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் தேர்வை எழுதியே தீருவேன் என்று பஸ் பிடித்து வந்தாள். விடிவதற்கு முன்பே தாயும் மகளும் சேர்ந்து கிளம்புவார்கள். தாய்க்கு மந்தைவெளியில் நான்கு வீட்டு வேலை. முதல் பாடவேளையிலேயே அந்தப் பெண்ணின் தலை மேசையில் சாய்ந்துவிடும். எழுப்ப எனக்கு மனம் வராது. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை அடிக்க எனக்கு நெடுநாள் கை வரவில்லை.

இப்படிப் போனவர்கள் வீட்டை மட்டும் இழக்கவில்லை. பெரும்பாக்கம் உங்கள் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. முகவரி மாறியதும் வாக்காளர் பட்டியலில் பெயரையும் அங்கே மாற்ற வேண்டியதாகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த நகரத்தின் சாக்கடையை அள்ளியவர்கள், மீன் விற்றவர்கள், மூட்டை தூக்கியவர்கள் இப்படி இந்த நகரத்தின் வாக்காளர்களாக இல்லாமல் போகிறார்கள். அவர்களுக்காகக் கேள்வி கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கும் இல்லாமல் போகிறது. இதைத்தான் உங்களிடம் முறையிட வந்திருக்கிறேன்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய புதிதில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். நொச்சிக்குப்பம் அப்படி எழுந்ததுதான். 2000ஆம் ஆண்டுவாக்கில் கண்ணகி நகர் வந்தது. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளின் வீடு தெற்கே நகர்ந்துகொண்டே போனது. நகருக்குள் நிலம் விலை ஏறிவிட்டது, புறநகரில்தான் மொத்தமாகக் கட்ட முடிகிறது என்கிறார்கள் அதிகாரிகள். ஆற்றங்கரையில் வெள்ள அபாயம் என்று கூட்டிப்போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிக் குடிவைத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எட்டடுக்குக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோன நாளில், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறும் பெண்களை நேரில் பார்த்திருக்கிறேன். நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

2016 அக்டோபரிலிருந்து 2022 வரை இந்த நகரத்துக்கு மாமன்றமே இல்லை. கூவம் கரையில் சத்யவாணி முத்து நகர் வீடுகள் இடிக்கப்பட்ட 2019 டிசம்பரில், அந்த மக்கள் போய் நிற்க ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல்கூட இல்லை. ஆனால் 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிக்க வந்தபோது மாமன்றம் இருந்தது. நீதிமன்ற உத்தரவு என்றார்கள். ஒரு முதியவர் தீக்குளித்து உயிர்விட்டார். அதன் பிறகுதான், இனி முன்கூட்டியே மக்களிடம் கருத்துக் கேட்போம் என்று அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் சொன்னார்.

அந்தக் கருத்தை எங்கே கேட்பது? அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் வெகுகாலம் கழித்து, 2022 நவம்பர் 1ஆம் தேதி, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. வார்டு குழுவுக்குத் தலைவர் நீங்கள்தான். தெருவிளக்கு, குப்பைத் தொட்டி, நாய்த் தொல்லை பற்றியெல்லாம் அங்கே பேசுகிறார்கள். அவையும் வேண்டியவையே. ஆனால் ஒரு தெருவையே காலி செய்யப்போகிறார்கள் என்ற செய்தி மட்டும் அங்கே வராமல், சுவரில் ஒட்டிய நோட்டீஸாகவோ, வீடுகளுக்கு எண் போட வரும் ஊழியராகவோ வந்து நிற்பது என்ன நியாயம்?

ஆகவே மாமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். யார் வீட்டை எடுப்பதானாலும், எந்தத் திட்டத்துக்கானாலும், கணக்கெடுப்புப் பட்டியலும் மாற்று இடத்தின் விவரமும் முதலில் அந்தப் பகுதியின் சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். வார்டுக்குள்ளோ பக்கத்து வார்டிலோ இடம் தேடிப் பார்த்ததற்கான சான்றை அதிகாரிகள் அங்கே வைக்க வேண்டும். பள்ளி ஆண்டின் நடுவில் ஒரு வீட்டைக்கூடத் தொடக் கூடாது. வாரியமும் வருவாய்த் துறையும் உங்களுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 200 பேர் சேர்ந்து நிறைவேற்றும் தீர்மானத்தை எந்தத் துறையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு மேல் வையுங்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அதற்குப் பிறகுதான் திரும்புகிறார்கள்.

இப்படிக்கு,
சென்னைப் பள்ளி ஆசிரியை ஒருவர்