நாசில் முன்னால்தான் போனது

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதே. மழை ஏமாற்றிவிட்டதால் வாழைக்கு ஓஸ் பிடித்துத்தான் தண்ணீர் விடுகிறேன்.

பாலிடெக்னிக் மெஸ் வாசலில் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஓஸ் நுனியில் மாட்டும் அந்தக் குறுகலான நாசிலைத் தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளும் என்று. "முன்னால்" என்றாய் நீ. "ராக்கெட் மாதிரி, பின்னால்தான்" என்று நான் கத்தினேன். செவ்வாய்க்கிழமை கிளிப் தளர்ந்து என் நாசில் பிடுங்கிக்கொண்டது. போய் விழுந்தது எதிரே இருந்த வாழை மூட்டில்!

விடுவேனா? நாசிலை மாட்டி 15 லிட்டர் வாளியைப் பிடித்தேன். 5 விநாடியில் நிறைந்தது, அதாவது விநாடிக்கு 3 லிட்டர். ஓஸ் ஒன்றரை அங்குலம், நாசில் வாய் முக்கால் அங்குலம். விட்டம் பாதியானால் பரப்பு கால், வேகம் நான்கு மடங்கு. ஓஸுக்குள் விநாடிக்கு 2.65 மீட்டர், வெளியே 10.6. உரசலை விட்டுவிட்டேன், திட்டாதே. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலி சமன்பாட்டில் போட்டால், நாசிலுக்கு முன்னால் உள்ள அழுத்தம் ஏறக்குறைய 53 கிலோபாஸ்கல், அரை வளிமண்டலம். ஓஸின் பரப்பில் அது 60 நியூட்டன். அதில் 24 தண்ணீரின் வேகத்தைக் கூட்டச் செலவாகிறது. மீதி 36 நியூட்டன் நாசிலின் குறுகும் சுவர்மேல், முன்னோக்கி விழுகிறது. கிட்டத்தட்ட மூன்றரை கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதைத் தாங்கியது அந்தத் துருப்பிடித்த கிளிப் ஒன்றுதான்.

அப்படியானால் கையில் பின்னால் உதைப்பது எது? அதில்தான் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். உதைப்பது நாசில் இல்லை, அதற்குப் பின்னால் ஓஸ் வளையும் இடம். அங்கே அழுத்தத்தின் 60, தண்ணீர் திரும்புவதால் 8, ஆக 68 நியூட்டன் பின்னால் தள்ளுகிறது. நாசில் இழுக்கும் 36-ஐக் கழித்தால் 32. பீறிடும் தண்ணீருக்கு நியூட்டன் விதிப்படி, விநாடிக்கு வெளியேறும் 3 கிலோவை வேகம் 10.6-ஆல் பெருக்கினாலும் அதே 32! காகிதத்தைப் பார்த்து நானே சிரித்தேன். வீட்டில் என்ன ஆச்சு என்று எட்டிப்பார்த்தார்கள்.

ராக்கெட் என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு, மொத்த ஓஸுக்கு அது சரி. ஆனால் நாம் சண்டை போட்டது நாசிலைப் பற்றி. பந்தயம் இரண்டு பரோட்டா, சால்னாவோடு. பொங்கலுக்கு வா, தருகிறேன். வரும்போது நல்ல எஃகுக் கிளிப் நான்கு வாங்கி வா, இங்கே கடையில் கிடைப்பதெல்லாம் தகரம்.

அன்புடன்,
முத்து