தகரத்தில் கணினிப் பெட்டி செய்வோருக்கு ஓர் அளவுப்படம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கொழும்பில் தமக்கென ஒரு சிறிய கணினியைத் தாமே பொருத்திக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் மதர்போர்ட், புரொசெசர், நினைவகம் ஆகியவற்றைப் பம்பலப்பிட்டிக் கடைகளில் எப்படியோ தேடிப் பிடித்துவிடுகின்றனர். அவற்றை அடக்கும் சிறிய கேசிங் என்று வரும்போதுதான் தயங்கி நிற்கின்றனர். பெரிய கேசிங்குகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கடையில் சிறியவை ஒன்றிரண்டே இருக்கும். அவையும் பெரும்பாலும் பெரியவற்றைவிட விலை கூடியவை. கப்பலில் வரும் வெற்றுப் பெட்டிக்கு அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்கே கூலி கொடுக்க வேண்டியிருப்பதையும், 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்த விதத்தையும் நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆகவே தகரத்தை வாங்கித் தாமே செய்துகொள்ள முனைவோர் பெருகி வருவதை, தகரப் பட்டறையிலும் பின்னர் அத்தொழிலைக் கற்பிப்பதிலும் காலம் கழித்தவன் என்ற முறையில் நான் வரவேற்கிறேன். எனினும் அவர்கள் செய்து கொண்டுவந்து காட்டும் பெட்டிகளைப் பார்க்கும்போது, வெட்டுவதிலும் மடிப்பதிலும் உள்ள குறைகளைவிட, அளவிலும் மின் பாதுகாப்பிலும் உள்ள குறைகளே என்னை உறுத்துகின்றன. இவ்விடயத்தில் உங்கள் பத்திரிகையால் ஓர் உதவி செய்ய முடியும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் பயன்படும் மினி ஐ.டி.எக்ஸ் மதர்போர்ட், வியா நிறுவனத்தால் 2001 இல் அறிமுகப்படுத்தப்பட்டது; அது 170 மில்லிமீற்றர் சதுரம். சதுரப் பலகைதானே, நான்கு துளைகளும் நான்கு மூலைகளில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு துளையிடுவோர் உண்டு. உண்மையில் பின்பக்கத்துத் துளைகள் இரண்டில் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 23 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது. இதை அறியாமல் பலகையைத் தாங்கும் சிறு உலோகத் தூண்களில் நான்காவதை மூலையில் நிறுத்தினால், அது மதர்போர்ட்டின் அடியில் உள்ள மின்தடங்களைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கணினி இயங்காமற் போவதோடு பலகையே பழுதாகவும் கூடும்.

அடுத்தது, யூ.எஸ்.பி, எச்.டி.எம்.ஐ முதலிய இணைப்பு வாய்கள் வெளியே தெரிவதற்கான பின்பக்கத் திறப்பு. அதன் அளவு 158.75 க்கு 44.45 மில்லிமீற்றர். பழைய சோனகத் தெருப் பக்கத்துப் பட்டறையொன்றில் இந்தத் தசமங்களை எழுதி நீட்டினால் வேலைக்காரர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார், ஏனெனில் அங்கு இன்றும் பேச்சு அங்குலத்திலும், அங்குலத்தில் எட்டில் ஒன்றாகிய நூலிலும்தான். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கணினியின் இந்த அளவுகள் அங்குலத்தில் வகுக்கப்பட்டவை. மேற்சொன்ன திறப்பு மீதியேதும் இல்லாமல் ஆறேகால் அங்குலத்துக்கு ஒன்றேமுக்கால் அங்குலம், அதாவது ஆறு அங்குலம் இரண்டு நூலுக்கு ஓர் அங்குலம் ஆறு நூல். சிறிய பெட்டிகளுக்கான எஸ்.எஃப்.எக்ஸ் பவர் சப்ளையின் உயரமாகிய 63.5 மில்லிமீற்றரும் சரியாக இரண்டரை அங்குலமே. ஆக, இந்த அளவுகளைப் பட்டறைக்காரரின் கணக்கிலேயே சொல்லிவிடலாம். ஆனால் அதே பவர் சப்ளையின் அகலம் 125 மில்லிமீற்றர்; 120 மில்லிமீற்றர் விசிறியின் திருகாணித் துளைகள் 105 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்தவை. இவற்றை நூற்கணக்குக்கு மாற்றினால் கட்டாயம் பிசகும். ஒரு நூல் என்பது 3 மில்லிமீற்றருக்கும் சற்று அதிகம் என்பதையும், விசிறித் துளையில் அரை நூல் தவறினாலே திருகாணி ஏறாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, எந்த அளவை எந்தக் கணக்கில் சொல்வது என்று படத்திலேயே தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

தகரத்தின் தடிப்பைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. கடையில் தடிப்பைக் குறிக்கும் எண்ணாகிய கேஜ் கணக்கில் கேட்டால், ஒரே 20 கேஜ் என்பது அட்டவணைக்கு அட்டவணை 0.9 மில்லிமீற்றராகவும் 1 மில்லிமீற்றராகவும் இருக்கும். வேணியர் இடுக்கிமானியால் அளந்து வாங்குவதே நல்லது. பெட்டி உறுதியாக இருக்க வேண்டும் என்று 2 மில்லிமீற்றர் அலுமினியம் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: மதர்போர்ட்டுடன் வரும் மெல்லிய பின்மூடி ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள சுவரைக் கவ்வுவதற்கென்றே செய்யப்பட்டது, தடித்த சுவரில் அது நிற்காது. 220 க்கு 200 க்கு 230 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதாவது சுமார் 10 லீற்றர் கொள்ளளவுள்ள பெட்டிக்கு, 1 மில்லிமீற்றர் இரும்புத் தகரத்தில் ஏறத்தாழ 2.2 கிலோகிராம் நிறை வரும். அது போதிய உறுதி உடையது. இதற்கு எட்டுக்கு நான்கு அடி முழுத் தகடு வாங்கத் தேவையில்லை, வெட்டுத்துண்டு போதும்.

மடிப்பில் அளவு மாறும் என்பதைக் கணினித் திரையில் படம் வரையும் மாணவர்கள் அறிந்திருந்தும், எவ்வளவு மாறும் என்பதைத் தம் கையால் பார்த்ததில்லை. 1 மில்லிமீற்றர் தகரத்தை உள்வளைவும் 1 மில்லிமீற்றர் வருமாறு செங்கோணமாக மடித்தால், வெளிப்பக்க அளவுகள் இரண்டின் கூட்டுத்தொகை, விரித்த தகரத்தின் நீளத்தைவிட ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கும். இரண்டு மடிப்புள்ள பெட்டியில் அது மூன்றரை மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். மூடி பொருந்தாமற் போவதற்கு அதுவே போதும். சூத்திரத்தை நம்புவதைவிட, அதே தகரத்தில் 100 மில்லிமீற்றர் நீளமான ஒரு கீற்றை வெட்டி, பெட்டியை மடிக்கப்போகும் அதே முறையில் நடுவே மடித்து, இரு பக்கங்களையும் வெளியே அளந்து கூட்டிப் பார்ப்பது மேல். 100 க்கு மேல் வருவது எவ்வளவோ, அதையே ஒவ்வொரு மடிப்புக்கும் கழித்துக்கொள்ளலாம். தகரம் மடித்த பின் சற்று மீளும் என்பதால் செங்கோணத்தைத் தாண்டி ஓரிரு பாகை கூடுதலாக மடிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இரண்டு ஆங்கிள் இரும்புகளுக்கு நடுவே தகரத்தை இறுக்கி, கொட்டாப்புளியால் தட்டி மடிக்கலாம்தான். ஆனால் குளிரூட்டிக் காற்றுக்குழாய் செய்யும் பட்டறைகளில் வெட்டும் யந்திரமும் மடிக்கும் யந்திரமும் இருக்கின்றன. ஒரு மீற்றர் குழாய் மடிக்கும் யந்திரத்துக்கு இந்தச் சிறு பெட்டி ஒரு வேலையே அல்ல. நேர்வெட்டையும் மடிப்பையும் அவர்களிடம் விட்டுவிட்டு, துளையிடுவதையும் அரத்தால் தேய்ப்பதையும் வீட்டில் வைத்துக்கொள்வதே என் கருத்தில் புத்திசாலித்தனம். அடியும் முன்னும் பின்னும் ஒரே தகரத்தில் ‘ப’ வடிவமாகவும், மேற்புறமும் இரு பக்கங்களும் இன்னொரு ‘ப’ வடிவமாகவும் வருமாறு வரைந்தால், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய மடிப்புகளே இருக்கும். எளிய யந்திரத்திலும் அவை சிக்காது. தொடர்மாடியில் வசிப்போர் கிரைண்டரைத் தொடாமல் இருப்பது அண்டை வீட்டாருடனான உறவுக்கும் நல்லது. மதர்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு ‘இன்னும் ஒரே ஒரு துளை’ போடும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பறக்கும் இரும்புத்தூள் எங்கே போய் அமரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விடயம். வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பதால் பெட்டிக்கு வர்ணம் பூசுவது அவசியமே. ஆனால் உட்புறம் முழுவதையும் மழமழவென்று பூசிவிட்டு, அந்த வர்ணத்தின் மேலேயே, சில வேளை அதிர்வு குறையட்டும் என்று இறப்பர் வளையங்களையும் வைத்து, பவர் சப்ளையைப் பொருத்துகின்றனர். பவர் சப்ளையின் உலோக உடல் செருகியின் மூன்றாவது முனை வழியாக எர்த்துடன் இணைந்திருக்கிறது. பெட்டியோ அந்த உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் மூலமே முதன்மையாக எர்த் பெறுகிறது. வர்ணமும் இறப்பரும் அந்தத் தொடர்பைத் துண்டித்துவிடலாம். துண்டிக்கப்பட்ட பெட்டியில் ஒரு வயர் உராய்ந்து மின் பாய்ந்தால், எர்த் இருந்திருந்தால் உடனே விழுந்திருக்க வேண்டிய ட்ரிப் சுவிட்ச், யாராவது ஒருவர் கை வைத்து அவர் உடல் வழியாக மின் ஓடும் வரைக்கும் விழாது. எர்த் இல்லாத இரட்டை முனைச் செருகியில் கணினியைப் பொருத்துவோர், பெட்டியைத் தொடும்போது சுருக்கென்று கூசுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றனர். பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கொள்ளளவிகள் 230 வோல்ற்றைப் பாதியாகப் பங்கிட்டு உடலில் ஏற்றிவிடுவதன் அறிகுறி அது. மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும், எர்த் இல்லை என்பதை அது வெளிப்படையாகவே அறிவிக்கிறது.

இதற்குத் தீர்வு எளியது. பவர் சப்ளையின் திருகாணிகள் அமரும் இடங்களில் வர்ணத்தைச் சுரண்டி, பல்லுள்ள வளையம் வைத்து இறுக்க வேண்டும். இரண்டு ‘ப’ தகரங்களும் ஒன்றையொன்று தொடும் விளிம்புகளிலும் ஓரிடத்திலாவது உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பிறகு செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீற்றரின் ஒரு முனையைச் செருகியின் எர்த் முனையிலும் மற்றதை மூடியின் வர்ணமில்லாத ஓர் இடத்திலும் வைத்துப் பார்த்தால், ஓம் அளவு பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தப் பெட்டியில் கணினியை இயக்கக் கூடாது. முதன்முறை செய்யும் மாணவர்களுக்கு வெளி அடாப்டரில் இயங்கும் மதர்போர்ட்டைத் தெரிவு செய்யுமாறு நான் சொல்வதுண்டு. அப்போது 230 வோல்ற் பெட்டிக்குள் வருவதேயில்லை.

உங்களிடம் வேண்டுவது இதுதான். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் மினி ஐ.டி.எக்ஸ் பலகையின் துளைகளையும் பின்பக்கத் திறப்பையும் உண்மை அளவில், வெட்டி எடுத்துத் தகரத்தில் ஒட்டக்கூடியவாறு ஒரு முறை அச்சிட்டு வெளியிடுங்கள். 170 மில்லிமீற்றர் சதுரம் பத்திரிகைப் பக்கத்தில் தாராளமாக அடங்கும். வீட்டு அச்சுப்பொறியின் ஏ4 தாளில், தாளுக்குப் பொருத்தும் அமைப்பு அதைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடுகிறது. படத்தின் அருகே 100 மில்லிமீற்றர் நீளமான சோதனைக் கோடு ஒன்றும், ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் மில்லிமீற்றரும், மீதியின்றி வரும் இடங்களில் அங்குலமும் நூலும் அச்சாகட்டும். எர்த் சோதனையை அதே பக்கத்தில், படத்தை வெட்டினாலும் அதனுடனேயே வரும் இடத்தில் போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்றுநர் ஒருவர்,
கொழும்பு 13.