வாத்தியார் பெயர் தெரிந்தால் கும்மி இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்தில் அண்மையில் நடந்த நாட்டுப்புறப் பாடல் போட்டியில் ஒரு கும்மிக் குழுவை நீக்கிவிட்டார்கள். பாட்டில் பாதி அவர்களுடைய வாத்தியார் கட்டியதாம்; எழுதியவர் பெயர் தெரிந்தால் அது நாட்டுப்புறப் பாடல் ஆகாதாம். இந்த விதியை வகுத்தவர்கள் எந்த ஊரில் கும்மி பார்த்தார்களோ!

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் குடிமகனாகிய நாவிதர் பாடும் மங்கல வாழ்த்தைக் கம்பர் பாடிக் கொடுத்ததாகத்தான் வழிவழியாகச் சொல்கிறோம். உண்மையோ இல்லையோ, அதற்காக யாரும் அதை மணவறையைவிட்டு இறக்கிவிடவில்லை.

பாடுகிறவர் எவரையும் கேட்காமல் வரியைக் கூட்டலாம், குறைக்கலாம், ஊர்ப்பெயரை மாற்றலாம். என்னைக் கேட்டால், இந்த உரிமை உள்ள பாட்டுதான் நாட்டுப்புறப் பாட்டு. 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், பொன்னர், சங்கர் எனும் உடன்பிறப்புகளின் அண்ணன்மார் கதையை ஒரு பாடகர் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகரைச் சொல்லச் சொல்லி எழுதியும் வாங்கினார். ஒரே வாயிலிருந்து வந்த கதைதான், ஆனால் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. இதில் எது அசல் என்று நமது நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்களா?

என் அப்பாரு கவலை ஓட்டியவர்; மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்றத்தைத்தான் எங்கள் பக்கம் கவலை என்போம். மாடு சரிவில் இறங்கும்போது ஒரு வரி, பின்னேறும்போது ஒரு வரி. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே ஓடும். அந்தக் கணக்கு தவறாதவரை நடுவில் எது வேண்டுமானாலும் நுழையும்: செவலையின் சோம்பல், மச்சினனின் கஞ்சத்தனம், அப்பத்தா காய்ச்சிய கம்பங்கூழில் உப்பில்லாத குறை. 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் இறங்கியது. பாட்டுக்கு வேலை போயிற்று. இன்று ஏற்றப்பாட்டைப் புத்தகத்தில் அச்சடித்தபடி, எழுத்துப் பிசகாமல் பாடுகிறவருக்குக் கோப்பை கிடைக்கிறது. கிடைக்கட்டும். கூடி நிற்கும் பெண்களின் ஊரையும் குலதெய்வத்தையும் சேர்த்து இன்றைக்கும் வரி கட்டும் வாத்தியாரை மட்டும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்? கோவைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி வாத்தியார் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருடைய பெயர் தெரிந்துதானே அறிவித்தார்கள்?

அடுத்த ஆண்டாவது அந்த விதியை எடுத்துவிட வேண்டும். அந்தப் பிள்ளைகளை மறுபடியும் அழைத்து, பாட்டுக் கட்டியவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் பாட வைக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
காங்கேயம்